வீரா மிஸ்ஸுக்குப் பிள்ளை கிடையாது

தோட்டத்து லய வீட்டில் இருக்கும்வரை அவள் எனக்கு அம்மா. பஸ் வத்தேகம தபால் கந்தோரைத் தாண்டியதும் அக்கா. அந்த இடம் வரும்போது என் தொடையில் மெல்லக் கிள்ளுவாள். அதற்குப் பிறகு, திரும்ப வீடு வந்து சேரும்வரை நான் அவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது. யாராவது கேட்டால் நான் அவளுடைய கடைசித் தங்கச்சி. எங்கள் அம்மா வீட்டில் சுகமில்லாமல் படுத்திருக்கிறாள்.

இதை எந்த வயதில் எனக்குப் பழக்கினாள் என்று தெரியவில்லை. பேசத் தொடங்கிய காலத்திலேயே இருக்கும். எனக்கு நினைவிருப்பதெல்லாம் அவளுடைய விரல்கள். கிள்ளும்போது அவை ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்கும்.

அம்மாவின் பெயர் வீரம்மா. பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறியவள். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் ‘பேர்’ என்பார்கள். சொன்ன கிலோ கொழுந்து இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 1992 மாசியில் நான் பிறக்கும்வரை அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்ததே இல்லையாம். பிரசவ லீவு முடிந்து மலைக்குத் திரும்பியபின் காலையில் ஒருதரமும் பகலில் ஒருதரமும் எனக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி ஏறவேண்டியிருந்தது. சிறுபிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அந்த அறை மலையடியில். கொழுந்து உச்சியில். அவள் ஏறி வந்து, மூச்சு வாங்கி, விட்ட நிரையைப் பிடிப்பதற்குள் கணக்கப்பிள்ளை நிறுவைக்குக் கூப்பிட்டுவிடுவார். வாரத்தில் மூன்று நாள் அரைப்பேர்.

அதே காலத்தில், கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்த என் அப்பா இருளப்பனுக்கு முதலாளி சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தார். “இனி நீ புள்ளக்குட்டிக்காரன், பொறுப்பா நின்னு வேல செய்வ” என்றாராம். அப்பா லீவில் வந்தபோது அதைச் சந்தோஷமாகச் சொன்னார். அம்மாவும் சந்தோஷப்பட்டாள். ஒரே பிள்ளையால் ஒருவருக்குக் கூடியும் மற்றவருக்குக் குறைந்தும் போனதை அன்று இருவருமே யோசிக்கவில்லை. அப்பாவுக்குக் கூடியது அம்மாவுக்குக் குறைந்ததை ஈடுகட்டவில்லை என்பது மட்டும் பால்மா வாங்கப் போகும்போது தெரிந்தது.

மடவளைக்கும் வத்தேகமவுக்கும் இடையில், றோட்டோரமாக, வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கார்மெண்ட் ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகள் தேவை என்று கேற்றில் எழுதிப் போட்டிருந்தார்கள். கல்யாணம் முடித்தவர்களை எடுக்கமாட்டார்கள் என்று லயத்தில் பேச்சு. 1993 தை மாதம் அம்மா அங்கே போனாள். பஸ்ஸில் வைத்தே தாலிக்கயிற்றைக் கழற்றிப் பணப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மெட்டியை அதற்கு முதல்நாளே சவர்க்காரம் போட்டு இழுத்துக் கழற்றியிருந்தாள்.

உள்ளே கதிரையில் இருந்த அலுவலக மேடம் முதலில் அம்மாவின் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களை வேகமாக மடக்கி விரிக்கச் சொன்னாள். பிறகு ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “கசாத பெந்தலாத?” என்று சிங்களத்தில் கேட்டாள். கல்யாணம் முடித்திருக்கிறாயா?

“நே மேடம்” என்றாள் அம்மா. இல்லை மேடம்.

பின்னாளில் அவள் இதை எனக்குச் சொன்னபோது, “அந்த ஒரு வார்த்ததான். அதுக்கு மேல நான் ஒண்ணுமே பொய் சொல்லல. ஆனா அந்த ஒண்ணக் காப்பாத்த எத்தன வருஷம்” என்றாள்.

அன்று எனக்குப் பதினொரு மாதம். அடுத்த லயத்து மூக்காயி பெரியம்மா மலை வேலையிலிருந்து நின்று வீட்டோடு இருந்தாள். அவளிடம் என்னை விட்டுவிட்டு அம்மா விடிகாலை பஸ்ஸைப் பிடித்தாள்.

முதல் மாதம்தான் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நான் இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தேன். பகல் பதினொரு மணிக்கு மார்பு கட்டத் தொடங்கும். பழைய சீலையைக் கிழித்து நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போவாள். அப்படியும் ஈரம் வெளியே வரும். கார்மெண்டில் கழிப்பறைக்குப் போக ஒரு அட்டை தருவார்கள், அறுபது பேர் இருக்கும் லைனுக்கு இரண்டே அட்டை. அது கைக்கு வரும்வரை மெஷினோடு மெஷினாகக் குனிந்து, மேசை விளிம்பில் மார்பு படாமல், கையை ஓட்டிக்கொண்டிருப்பாள். உள்ளே போய்ச் சுவரில் பீச்சிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். வாசம் வருமோ என்று பயம். யாராவது நேரத்தைக் கவனிப்பார்களோ என்று பயம். ஒருநாள் பக்கத்து மெஷின்காரி, “உங்கட சட்டை நனைஞ்சிருக்கு” என்று காட்டினாள். அம்மா தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிட்டு, முழுச் சட்டையையும் நனைத்துக்கொண்டாள்.

மாத முடிவில் மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசி எனக்குப் பாலை நிறுத்தினாள். மூன்று இரவு நான் கத்தினேனாம். அம்மா காதை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததாக மூக்காயி பெரியம்மா சொல்லுவாள்.

அதன்பிறகு அம்மாவின் கை வேகத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. கொழுந்து கிள்ளிய விரல்கள். சட்டைக் கொலர் பொருத்துவது கடினமான வேலை, அதை அவள் ஆறு மாதத்தில் பிடித்துவிட்டாள். யாருக்காவது சுகமில்லையென்றால் எந்த மெஷினிலும் உட்காருவாள். ஓ.டி. நிற்கச் சொன்னால் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அலுவலக மேடம் மற்றப் பெண்களிடம் சொல்லுவாளாம், வீராவைப் பாருங்கள், வீட்டில் புருஷன் பிள்ளை என்று ஒரு தொல்லையும் இல்லை, அதனால்தான் மனது முழுக்க வேலையில் இருக்கிறது என்று. 1997இல் அம்மாவை லைன் லீடர் ஆக்கினார்கள். நீலத் தொப்பி போய் மஞ்சள் தொப்பி வந்தது. அறுபது பெண்கள் அவளை வீரா மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

சம்பளம் கூடக் கூட அவளுக்குப் பயமும் கூடியது. முன்பு போனால் ஒரு வேலைதான் போகும். இப்போது போனால் என் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு நெஞ்சுவலிக்கு வாங்கும் மருந்து, லயத்துக் கூரைக்குப் போட்ட தகரம், எல்லாம் போகும். எங்கள் தோட்டத்துப் பெண்கள் இன்னும் இரண்டு பேர் அந்தக் கார்மெண்டில் சேர்ந்தபோது, அம்மா அவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களின் தாய்மார் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிவிட்டு வந்தாள். அவர்கள் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் யாருடனாவது சிரித்துப் பேசினால் அம்மா ஏதாவது சாக்கில் பக்கத்தில் போய் நிற்பாள்.

எனக்குத் தம்பி தங்கை கிடையாது. இன்னொன்று வேண்டும் என்று அப்பா கேட்டபோதெல்லாம் பார்ப்போம் என்றே சொல்லி வந்தாள். ஒருநாள் கண்டிக்குப் போய், யாருக்கும் சொல்லாமல் லூப் போட்டுக்கொண்டு வந்தாள். அது எனக்கு நான் கல்யாணம் முடித்த பிறகுதான் தெரியும்.

அந்த 1997இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு ஐந்து வயது. வத்தேகம சந்தைக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தாள். தபால் கந்தோரடியில் கிள்ளு விழுந்துவிட்டது. சந்தையில் ஒரே கூட்டம். மரக்கறிக்காரர்களைத் தாண்டும்போது அவளுடைய கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. சுற்றிலும் சாரங்களும் சீலைகளும் சாக்குகளும். நான் அழுதுகொண்டே “அம்மா” என்று கத்தினேன்.

பத்தடி தூரத்தில் அவளுடைய முதுகு தெரிந்தது. பச்சைச் சீலை. நான் திரும்பவும் “அம்மா, அம்மா” என்று கத்தினேன். முதுகு அசையாமல் நின்றது. பிறகு நடந்தது. அவளுக்கு முன்னால் வளையல் கடையில் நான்கைந்து பெண்கள் நின்று, “வீரா மிஸ்” என்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று எனக்கு வந்த பயம், காணாமல் போன பயமல்ல. என் அம்மா கண்முன்னே நிற்கிறாள், என் குரல் அவளுக்குக் கேட்கிறது, ஆனால் அவள் என் அம்மா இல்லை. அது எப்படிப்பட்ட பயம் என்று அந்த வயதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள். தலையில் முக்காடு, முகத்தில் வியர்வை. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தோடம்பழ இனிப்பை வாங்கி என் வாயில் போட்டு, கூட்டத்துக்குள்ளால் மெதுவாக நடத்தி, பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனாள். சற்று நேரத்தில் அம்மா ஓடிவந்தாள். முகத்தில் இரத்தமில்லை.

அந்தப் பெண் அம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “அக்கா, ஒங்கட தங்கச்சி கூட்டத்துல மாறிப் பெய்த்தா. கூட்டிட்டு வந்தீக்கேன்.”

அவள் பெயர் ஹபீலா. மடவளைக்காரி. அம்மாவின் லைனில் சேர்ந்து இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. அம்மா நன்றி சொன்னாள். ஹபீலா நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஹபீலாவுக்குக் கல்யாணம் நடந்தது. கார்மெண்டில் சொல்லாமல்தான் முடித்தாள். அவளை வேலையில் நிரந்தரமாக்குவதை ஏதோ காரணம் சொல்லி இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, எனக்கு மூணு மாசம். ஒங்களுக்கு மட்டும்தான் சொல்ற. ஆபீஸுக்குத் தெரிஞ்சா வெச்சிக்கமாட்டாங்க. பெர்மனென்ட் ஆகும் வரைக்கும் மறைச்சாப் போதும்.”

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பாரமான கட்டெல்லாம் தூக்காத” என்றாள் அம்மா.

இரண்டு வாரம் அப்படியே போனது. பிறகு ஏதோ ஓர்டர் குறைந்தது என்று லைன் லீடர்மார் எல்லோரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு லைனிலும் நிரந்தரமாகாதவர்களில் இரண்டு பேரை நிறுத்தவேண்டும். மேடம் சத்தம் போடவில்லை. காலையில் யார் வாந்தி எடுக்கிறார்கள், யார் அடிக்கடி கழிப்பறை அட்டை கேட்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும், பெயரை எழுதிக் கொடுங்கள் என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “வீரா, உன்னுடைய லைனில் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்” என்றாள்.

மேடம் உண்மையிலேயே தெரிந்துதான் கேட்டாளா, சும்மா கொக்கி போட்டாளா என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அந்த நேரம் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். மறைத்தால், ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். ஏன் என்று தோண்டினால் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஹபீலாவின் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு நல்ல சட்டை போட்டுவிட்டாள். பஸ் தபால் கந்தோரைத் தாண்டியது. கிள்ளு விழவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வத்தேகமயில் இறங்கி வேறு பஸ் மாறி மடவளைக்குப் போனோம்.

ஹபீலாவின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு ஒழுங்கையில். கதவைத் திறந்தது அவளுடைய மாமி ஆஸியா உம்மா. அம்மா பெயரைச் சொன்னதும் அந்த மனுஷியின் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க மகள், உள்ளுக்கு வாங்க. இவ எப்பவும் ஒங்களப் பத்தித்தான் பேசுற. லைன்ல ஒரு அக்கா ஈக்கா, நல்ல மனம் எண்டு சொல்லுவா. வேல இல்லாமப் போனதும் தேடி வந்தீக்கீங்க பாருங்க. இரிங்க, டீ ஊத்திக் கொண்டு வாரேன்.”

அவள் குசினிக்குப் போனதும் ஹபீலா உள்ளறையிலிருந்து வந்தாள். அம்மா எழுந்து நின்று, என்னை முன்னால் தள்ளி, “இது என் மக. நிரோஷினி” என்றாள். வெளி ஆளிடம் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

“தெரியும்” என்றாள் ஹபீலா. “சந்தையில கண்ட அண்டைக்கே தெரியும். தங்கச்சி எண்டா அப்பிடி அழமாட்டா.”

அம்மா என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“என்ட பேரக் குடுத்தது நீங்களா அக்கா?”

“ஆபீஸ்ல கேட்டாங்க.”

“எனக்கும் ஒங்கட பேரக் குடுக்க ஏலுமா ஈந்திச்சி. ஒரு வருஷத்துக்கு மேல. நான் குடுக்கல்ல.”

ஆஸியா உம்மா தேநீரோடும் ஒரு தட்டு பிஸ்கட்டோடும் வந்தாள். நாங்கள் உட்கார்ந்து குடிக்க வேண்டியதாயிற்று. ஆஸியா உம்மா என் கன்னத்தைத் தடவி, “யாரு இது, தங்கச்சியா?” என்று கேட்டாள்.

“ஓ மாமி, தங்கச்சி” என்றாள் ஹபீலா.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் மோசமானவை. ஹபீலா இனி வாயைத் திறப்பாள், திறக்க அவளுக்கு உரிமை உண்டு என்று அம்மா நம்பினாள். அலுவலகத்தில் டெலிபோன் அடித்தால் கையிலிருக்கும் கத்தரிக்கோல் நழுவும். மடவளைப் பெண்கள் தங்களுக்குள் பேசினால் அவர்களின் உதட்டைப் பார்ப்பாள். இராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பாள். கார்மெண்ட்காரர்கள் லயத்துக்கு ஏறிவந்து கதவைத் தட்டப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஹபீலா சொல்லவில்லை. காட்டிக் கொடுத்தது நான் விழுந்ததுதான்.

1999இல் நான் இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஓடி இறங்கும்போது சறுக்கி விழுந்து, இடது கை முழங்கைக்கு மேலே முறிந்துவிட்டது. எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. தோட்ட லொறியில் என்னை ஏற்றியபோது மூக்காயி பெரியம்மா அழுதுகொண்டு ஓடிவந்தாள். ஆறு வருஷம் காத்த வாய் அன்று பதறிப்போய்விட்டது. தோட்டத்து ஒபிசில் போய், பிள்ளையின் தாய் இன்ன கார்மெண்டில் இருக்கிறாள், உடனே டெலிபோன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

கார்மெண்டில் கேற்றுக் காவலாளிதான் செய்தியோடு லைனுக்குள் வந்தான். மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று உரத்துச் சொன்னான்: “வீரா மிஸ், உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாளாம். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம்.”

பக்கத்து மெஷின் நின்றது. அதற்கடுத்தது நின்றது. அப்படியே வரிசையாக நின்றுகொண்டு போனது.

அம்மா இதைச் சொல்லும்போது எப்போதும் இந்த இடத்தில் நிறுத்துவாள். ஒருநாள்தான் முழுவதும் சொன்னாள். “ஒரு நிமிஷம் நின்னேன்டி. ‘எனக்கு மகளே இல்ல, யாரோ ஆள் மாறிப் பேசியிருக்காங்க’ன்னு சொல்ல வாய் வந்திருச்சு. சொல்லிட்டு, சாயந்தரம் வேல முடிஞ்சு உன்னப் பாக்கப் போலாமான்னு நெனச்சேன். நெனச்சேன். பொய் சொல்லல உங்கிட்ட.”

சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நடந்தாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அம்மா வாசலில் வந்து நின்றபோது ஒரு நர்ஸ், இது யார் உனக்கு என்று என்னைக் கேட்டாள். வலியிலும் எனக்குப் பயிற்சி மறக்கவில்லை. வத்தேகமயைத் தாண்டி வந்துவிட்டோம் என்று தெரியும். “அக்கா” என்றேன்.

அம்மா என் காலடியில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலால் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். “அம்மான்னு சொல்லு பாப்பா. இனிமே எல்லா எடத்துலயும் அம்மாதான்” என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருக்கவில்லை. ஏதோ பெரிதாக உடைந்துவிட்டது, அது என்னால்தான் உடைந்தது என்று மட்டும் விளங்கியது.

நான்காம் நாள் அம்மா வேலைக்குத் திரும்பினாள். இன்றோடு விலக்கிவிடுவார்கள் என்ற நினைப்பில், போகும்போதே தன் சாப்பாட்டுப் பெட்டியையும் மாற்றுச் செருப்பையும் போட்டுக் கொண்டுவர ஒரு வெறும் பையை எடுத்துப் போனாள்.

விலக்கவில்லை. அலுவலக மேடம் அவளைக் கதிரையில் உட்காரச் சொன்னாள். என் கையைப் பற்றி விசாரித்தாள். பாரத்தில் பொய் எழுதியதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றாள். பிறகு, “உனக்குப் பிள்ளை இருக்கிறாளே. லைன் லீடர் என்றால் இரவு எட்டு மணி வரை நிற்கவேண்டும், மனது முழுக்க இங்கே இருக்கவேண்டும். உன்னை அப்படிக் கஷ்டப்படுத்த எங்களுக்கு மனமில்லை. மெஷினுக்கே போய்விடு” என்றாள்.

“மேடம், பிள்ளை இப்போது பிறக்கவில்லையே” என்றாள் அம்மா தன் உடைந்த சிங்களத்தில். “ஏழு வருஷமாக இருக்கிறாள். இங்கே சேர்ந்த நாளிலிருந்து அவளை வைத்துக்கொண்டுதான் நான் எட்டு மணி வரை நின்றேன்.”

“அது எங்களுக்குத் தெரியாதே, வீரா.”

அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்ல கை என்று இருந்தது, திங்கட்கிழமை பிள்ளைக்காரியின் கை ஆகிவிட்டது. நீலத் தொப்பியைக் கொடுத்தார்கள். சம்பளம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த இடத்துக்குப் போனது. அம்மாவிடம் கொலர் பழகிய இருபது வயதுப் பெண்ணொருத்திக்கு மஞ்சள் தொப்பி கிடைத்தது. அவள் பாவம், முதல் ஒரு மாதம் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே கணக்குக் கேட்டுக்கொண்டு போவாள்.

பயம் இதோடு தீர்ந்திருக்கவேண்டும். மறைக்க இனி ஒன்றுமில்லை. ஆனால் அது போகவில்லை, இடம் மாறியது. எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா முதலில் என் நெற்றியைத் தொடமாட்டாள், கலண்டரைப் பார்ப்பாள். ஒருநாள் லீவு எடுத்தாலும், பார்த்தாயா, சொன்னோமே என்பார்கள். ஆகவே காய்ச்சலோடு என்னை மூக்காயி பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போவாள். ஒருமுறை வலிப்பு வந்து என் கண் மேலே செருகிக் கிடந்தபோதும் அவள் கார்மெண்டில்தான் இருந்தாள்.

2002இல் சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கொம்பனி ஆட்களை அனுப்பி விசாரிக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஒரு வாரத்துக்கு முன்பே கழிப்பறைக்கு வெள்ளையடித்தார்கள். கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். யாரைக் கூப்பிடுவது என்பதை வந்தவர்களே பட்டியலில் விரலை வைத்துத் தெரிந்தெடுத்தார்கள். அம்மாவின் பெயரில் விரல் விழுந்தது.

சாப்பாட்டு அறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும், பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணும் இருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. ஆனால் அதன் மேல்பாதி கண்ணாடி. வெளியே மேடம் நின்றது அம்மாவுக்குத் தெரிந்தது. சம்பளம் சரியாகக் கிடைக்கிறதா, ஓ.டி. கட்டாயமா என்றெல்லாம் கேட்டார்கள். சொல்லிக் கொடுத்ததையே அம்மா சொன்னாள். பிறகு அந்தத் தமிழ்ப் பெண், “கர்ப்பமா இருக்கிறதால இங்க யாரையாவது வேலையால நிப்பாட்டியிருக்கிறாங்களா?” என்று கேட்டாள்.

இல்லை என்பதுதான் சொல்லிக் கொடுத்த பதில். அம்மா கண்ணாடிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ஒரு புள்ளைய நிப்பாட்டினாங்க” என்றாள். “தொண்ணூத்தி எட்டுல. பேரு ஹபீலா, மடவளை. பேர எழுதிக் குடுத்தது நான்தான். எனக்கும் புள்ள இருந்துச்சு, அத மறைச்சு வச்சிருந்தேன், அந்தப் பயத்துல குடுத்தேன். அத எழுதிக்கோங்க. எம் பேரையும் எழுதிக்கோங்க.”

அந்தப் பெண் அதை மொழிபெயர்த்தபோது வெள்ளைக்காரி தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் மேடம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று அம்மா வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து, விளக்கைக் கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பத்து வயது. என்ன என்று கேட்டேன். “வேல போயிரும்” என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். ஒரு மாதம் அதையே சொன்னாள். ஒவ்வொரு சம்பள நாளும் இதுதான் கடைசி என்று கவரை வாங்கினாள்.

வேலை போகவில்லை. உயர்வும் வரவில்லை. கல்யாணம் ஆனதா என்று கேட்கும் பாரத்தை மாற்றினார்கள். மேடம் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போனாள். அம்மா 2009இல் கார்மெண்ட் மூடும்வரை நீலத் தொப்பியோடுதான் கொலர் பொருத்தினாள்.

ஹபீலாவை அவள் பிறகு ஒருமுறை கண்டாள். 2004இல், கண்டியிலிருந்து வரும் வத்தேகம பஸ்ஸில். அம்மா ஏறியபோது ஹபீலாவுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. மடியில் ஒரு கைக்குழந்தை, காலடியில் வெள்ளைத் துணிக்கட்டு. பள்ளிக்கூடச் சீருடை தைத்து மடவளைக் கடைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். துண்டுக்கு இவ்வளவு என்று தருவார்களாம். பிள்ளை தூங்கினால் நாலு துண்டு, தூங்காவிட்டால் ஒன்றுமில்லை.

“கார்மெண்டுல இருந்து கடிதம் வந்திச்சி. வேலைக்கு வரச் சொல்லி” என்றாள் ஹபீலா. “நீங்க ஏதும் சொன்னீங்களா?”

“சொன்னேன்” என்றாள் அம்மா. “நீ ஏன் போகல?”

“இது மூணாவது. மாமியும் மௌத்தாகிட்டாங்க. யாருகிட்ட விட்டுட்டுப் போற அக்கா?”

அம்மா குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். மடவளை வரும்வரை வைத்திருந்தாள். ஹபீலா துணிக்கட்டை முதலில் இறக்கி, பிறகு கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் நடந்தாள். பஸ் புறப்பட்டது. அம்மாவுக்கு அன்று பிற்பகல் ஷிஃப்ட், ஏற்கனவே பத்து நிமிஷம் பிந்தியிருந்தாள்.